நேபாளத்தின் முக்திநாத் கோயிலுக்குப் பஸ்ஸில் போய்வர: கோலாலம்பூரிலிருந்து கிளம்புவோருக்கு

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். காலையில் டி.பி.எஸ். நிலையத்தில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாடு பட்டர்வொர்த்தில். காத்மாண்டுவிலிருந்து பொக்கராவுக்கு 200 கிலோமீட்டர்தான், ஆனால் 8 மணி நேரம் ஆகும். சாலை வேலை நடக்கும் நாளில் 10. பொக்கராவிலிருந்து, முக்திநாத்துக்குக் கீழே உள்ள ஜோம்சோம் 160 கிலோமீட்டர் சொச்சம். அதற்கு இன்னொரு பகல் முழுக்கப் போய்விடும். நேபாளம் தீபகற்ப மலேசியாவைவிடச் சற்றே பெரிய நாடுதான். வரைபடத்தைப் பார்த்து நம்மூர்க் கணக்கில் நாள் போடுகிறவர்கள் கடைசியில் அவசரத்துக்கு ஜீப்பை மொத்தமாக அமர்த்தி, அல்லது உள்நாட்டு விமானத்துக்கு டாலரில் கட்டி, மிச்சம் பிடித்த வெள்ளியையெல்லாம் அங்கேதான் விடுகிறார்கள்.

நாள் கணக்கு

பஸ்ஸிலும் பங்கு ஜீப்பிலும் முக்திநாத் போய்வர 12 நாள் வேண்டும். முதல் நாள் காத்மாண்டுவில் இறங்குவது. 2-ஆம் நாள் பசுபதிநாத், மறுநாளைக்குப் பஸ் டிக்கெட். 3-ஆம் நாள் பொக்கரா. 4-ஆம் நாள் அங்கேயே: அனுமதிச் சீட்டு, குளிர் உடை, ஜோம்சோம் டிக்கெட். 5-ஆம் நாள் மார்பா அல்லது ஜோம்சோம். 6-ஆம் நாள் காக்பேனி வரை மெதுவாக. 7-ஆம் நாள் முக்திநாத் ஏறி, கும்பிட்டு, இறங்கி ஜோம்சோமில் தூங்குவது. 8-ஆம் நாள் பொக்கரா, 10-ஆம் நாள் காத்மாண்டு, 12-ஆம் நாள் விமானம்.

இதில் 9-உம் 11-உம் வெறும் நாள்கள். சும்மா இருக்கிறதே என்று எதையாவது போட்டு நிரப்பிவிடாதீர்கள். மண் சரிந்து சாலை அடைபடுவது அந்தப் பக்கம் அன்றாடம் நடப்பது. அப்போது எடுத்துச் செலவழிக்கத்தான் இந்த இரண்டு நாளும். லீவு எட்டு நாள்தான் என்றால் முக்திநாத்தை அடுத்த முறைக்கு வைத்துவிட்டுப் பொக்கராவோடு திரும்புங்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு காத்மாண்டுவில் இருந்தே ஆக வேண்டும். அன்று காலை பொக்கராவில் பஸ் ஏறி இரவு விமானத்தைப் பிடித்துவிடலாம் என்பது சூதாட்டம்.

எந்த மாதம்

அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல். டிசம்பரிலும் போகலாம், ஆனால் மேலே இரவில் தண்ணீர் உறையும். குழாயும் உறைந்து கிடக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஜோம்சோமும் முக்திநாத்தும் அன்னபூர்ணா, தவளகிரி மலைகளுக்குப் பின்னால் மழை மறைவில் இருப்பவை. கைப்பேசியில் ஜோம்சோம் வானிலையைப் பார்த்தால் ஜூலையிலும் வெயில் என்றே காட்டும். ஆனால் அங்கே போய்ச் சேரும் சாலை பேனி, தத்தோபானி, காசா வழியாக மலையின் இந்தப் பக்கத்தில் வருகிறது. மழை கொட்டுவதும் மண் இறங்குவதும் இங்கேதான். ஆகவே போகிற ஊரின் வானிலையோடு வழியிலுள்ள ஊர்களின் வானிலையையும் பாருங்கள்.

எந்த மாதமானாலும் இரவு பஸ் வேண்டாம். 2024 ஜூலை 12 அதிகாலை, நாராயண்காட்–முக்லிங் சாலையில் சிமல்தால் என்ற இடத்தில் நிலச்சரிவு இரண்டு பஸ்களைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிவிட்டது. இரண்டிலுமாக 60 பேருக்கு மேல் இருந்தார்கள். ஓர் இரவு அறை வாடகை மிச்சமாகும் என்பதற்காக எடுக்கிற துணிச்சல் இல்லை இது.

தசைன் என்பது அவர்களுடைய நவராத்திரி, நாட்டின் மிகப் பெரிய பண்டிகை. அதற்கு முந்தைய வாரம் காத்மாண்டுவே காலியாகிக் கிராமங்களுக்குப் போகும்; வெளியே போகும் பஸ்களில் இடம் இருக்காது. விஜயதசமியன்றும் அடுத்த ஓரிரு நாளும் பஸ்ஸே குறைவு. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் நேபாளிகள் ஊர் திரும்புவதும் அப்போதுதான் என்பதால் விமானக் கட்டணமும் ஏறிக்கிடக்கும். நம் தீபாவளியை ஒட்டி அங்கே திகார். தசைன் முடிந்து திகார் தொடங்குமுன் கிடைக்கும் இடைவெளி போய்வர ஏற்றது.

டிக்கெட்டில் இருக்கும் தேதி

கைப்பட எழுதித் தரும் பஸ் டிக்கெட்டில் தேதி விக்ரம் நாள்காட்டிப்படி இருக்கலாம். ஆண்டு 2082, 2083 என்று பார்த்துப் பதற வேண்டாம். நம் ஆண்டோடு 57 கூட்டினால் வரும். ஜனவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை 56.

மாதத்தைச் சரிபார்க்க வீட்டுத் தமிழ் நாள்காட்டியே போதும், ஏனென்றால் அவர்களுடையதும் சூரிய மாதம். பைசாக் பிறப்பது நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான்; ஓரிரு நாள் முன்பின் இருக்கும். வைகாசிக்கு ஜேட், ஆனிக்கு அசார், ஆடிக்கு சாவுன், ஆவணிக்கு பதௌ, புரட்டாசிக்கு அசோஜ். அடுத்ததில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுவார்கள். அவர்களுடைய கார்த்திக் நம் ஐப்பசி. நம் கார்த்திகை அவர்களுக்கு மங்சீர். பெயர் ஒத்திருக்கிறதே என்று கார்த்திக் 20-ஐக் கார்த்திகை 20 என எடுத்துக்கொண்டால் ஒரு மாதம் பிசகும்.

இன்னொன்று, பழைய எண் பலகைகளில் பஸ் எண் தேவநாகரி இலக்கத்தில் இருக்கும். டிக்கெட்டில் எழுதுவதும் அதையேதான். பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து இலக்கங்களை விமானத்திலேயே படித்துவிடலாம். விடியற்காலை இருட்டில் வரிசையாக நிற்கும் ஐம்பது பஸ்ஸில் உங்களுடையதைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை.

இங்கிருந்து எடுத்துப் போக வேண்டியவை

முதுகில் மாட்டும் பை, 10 கிலோவுக்குள். சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம். சாலை சரிந்து கிடந்தால் பயணிகள் இறங்கிச் சரிவை நடந்து கடந்து, அந்தப் பக்கம் நிற்கும் வண்டியில் ஏறுவார்கள். பெட்டியை உருட்ட அங்கே தரை இருக்காது, கல்தான் இருக்கும்.

குளிர் உடைக்குப் புதிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. பண்டல் கடைகளில் ஜப்பான், கொரியாவிலிருந்து வந்த பழைய கம்பளிச் சட்டைகள் சில வெள்ளிக்குக் கிடைக்கும். உள்ளே போடும் வெம்மை உடை ஒரு செட், கம்பளிச் சட்டை ஒன்று, காற்றுப் புகாத மேலாடை ஒன்று, குல்லா, கையுறை. தடித்த இறகு ஜாக்கெட்டைப் பொக்கராவில் நாள் வாடகைக்கு எடுங்கள்.

மின் செருகிக்கு அடாப்டர் தேவை. நம் சதுர முள் அங்கே நுழையாது, உருண்டை முள்தான். முகக்கவசம் ஒரு கட்டு: ஜோம்சோம் வழியில் வரும் காளி கண்டகி பள்ளத்தாக்கின் புழுதிக்கு. பாஸ்போர்ட் அளவு படம் ஆறு. வாந்தி மாத்திரை: தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போதே தலை சுற்றுகிறவர்களுக்கு இது கட்டாயம். அந்தப் பாதையைப் பகல் முழுக்க ஓட்டினால் எப்படியோ அப்படி.

பணத்தைப் பொறுத்தவரை, விசாவுக்கும் அவசரத்துக்கும் கிழிசலும் கிறுக்கலும் இல்லாத அமெரிக்க டாலர் கொஞ்சம். மீதியை வெள்ளியாகவே கொண்டுபோகலாம். மலேசியாவில் உழைக்கும் நேபாளிகள் அவ்வளவு பேர் இருப்பதால் காத்மாண்டு தமேல் பகுதியில் வெள்ளியை மாற்றுவது சிரமமில்லை. 1 வெள்ளிக்கு 30 நேபாள ரூபாய்க்கு மேல் கிடைக்கும். பெரிய இந்திய நோட்டுகளைக் கொண்டுபோகாதீர்கள். அதற்கான விதி அடிக்கடி மாறுவது, சிக்கினால் தொல்லை. வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புமுன் திறந்துவிடுங்கள். பல வங்கிகள் அதை அடைத்தே வைத்திருக்கும், அங்கே போனபின் திறக்கக் கடவு எண் வராது. அங்குள்ள ஏடிஎம் ஒவ்வொரு முறைக்கும் 500 ரூபாய் அளவில் கட்டணம் பிடிக்கும். ஆகவே பொக்கராவில் ஒரே தடவையாக எடுத்துக்கொண்டு மலையேறுங்கள். ஜோம்சோமில் ஏடிஎம் உண்டு, மின்சாரமும் இணைப்பும் இருக்கும் நாளில்.

கிளம்புமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தா ராயா பக்கம், ஜாலான் சிலாங்கில் உள்ள நேபாளிக் கடை ஒன்றில் தால்-பாத் சாப்பிட்டுப் பாருங்கள். அடுத்த பன்னிரண்டு நாளும் அதுதான் சாப்பாடு. சாலை நிலவரமும் அங்கேயே காதில் விழும். ஊரில் எங்கே மண் சரிந்தது என்பது அவர்களுக்கு நமக்கு முன்னே தெரிந்திருக்கும்.

இறங்கியதும்

நேரடி விமானம் நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கடிகாரத்தை 2 மணி 15 நிமிடம் பின்னே வையுங்கள். அந்தக் கால் மணியை மறந்து பஸ்ஸை விட்டவர்கள் உண்டு.

மலேசியக் கடப்பிதழுக்கு விசா விமான நிலையத்திலேயே கிடைக்கும்: 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50. மேலே சொன்ன திட்டத்துக்கு 15 போதும். விண்ணப்பத்தை வருவதற்கு முந்தைய 15 நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்பி, ரசீதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால் அங்கே இயந்திரத்தின் முன் வரிசை நிற்க வேண்டாம். முதலில் பணம் கட்டும் முகப்பு, பிறகு முத்திரை. நேரே முத்திரை வரிசையில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள். இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை என்பதைக் கேட்டு, நம்மிடம் உள்ள, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டையை நீட்டுவதில் பயனில்லை. நேபாளம் பார்ப்பது கடப்பிதழை மட்டும்.

தமேலுக்கு 6 கிலோமீட்டர்தான். டாக்ஸிக்காரர் முதலில் சொல்லும் விலையை மறந்துவிட்டு, வெளிவாசல் வரை நடந்து 'பத்தாவோ', 'இன்டிரைவ்' என்ற செயலிகளில் ஒன்றில் வண்டி கூப்பிடுங்கள். தனி ஆளாக இருந்தால் பத்தாவோ மோட்டார் சைக்கிள் இன்னும் மலிவு. சிம் அட்டைக்குக் கடப்பிதழும் படமும் கேட்பார்கள். நகரத்தில் என்செல் நன்றாக இருக்கும், மலைக்கு அரசின் நேபாள் டெலிகாம்.

பசுபதிநாத் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே. வெளிநாட்டவருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். மூலக்கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும் அனுமதி. தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே ஆகாது. இடுப்பில் பெல்ட்டோடு வரிசையின் முனை வரை போய்த் திரும்புவது தினமும் நடக்கும் கூத்து.

காத்மாண்டு – பொக்கரா

மூன்று வகை வண்டி. சுற்றுலா பஸ் காலை 7 மணியளவில் தமேலுக்கு நடந்து போகும் தூரத்திலிருந்தே கிளம்பும், 1,000 முதல் 1,500 ரூபாய். ஹையேஸ் வேனும் இப்போது பெருகிவரும் மின்சார வேனும் கலங்கியிலிருந்து. கொஞ்சம் வேகம், முழங்கால் வைக்க இடமில்லை. கோங்கபு பஸ் நிலையத்து உள்ளூர் பஸ் எல்லாவற்றிலும் மலிவு, வழியெல்லாம் ஆள் ஏற்றும். இருநூறு முந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்கு உள்ளூர் பஸ்ஸில் மூன்று மணி நேரம் கூடுதலாக உட்காருவது சிக்கனக் கணக்கில் வராது. சுற்றுலா பஸ்ஸில் போங்கள்.

இருக்கை வலப்பக்கம் கேளுங்கள். மேற்கே போகும்போது பனிமலைகள் வடக்கே, அதாவது வலது கைப்பக்கம். திரும்பும்போது இடப்பக்கம். பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள வரிசைகளை மறுத்துவிடுங்கள். குழியில் விழும் ஒவ்வொரு முறையும் தலை கூரையைத் தொடும். டிக்கெட்டை விடுதியில் சொல்லி வாங்கினால் நூறு, நூற்றைம்பது ரூபாய் தரகு சேரும். முதல் நாள் சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்துக்கே போய் வாங்கலாம்.

நகரத்தை விட்டு வெளியேறும் தாங்கோட், நாக்துங்கா பகுதியிலேயே ஒரு மணி நேரம் கழிந்தால் கவலைப்படாதீர்கள். அதுவும் 8 மணி நேரக் கணக்குக்குள் அடக்கம்.

அனுமதிச் சீட்டு

ஜோம்சோமும் முக்திநாத்தும் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருகின்றன. அங்கே ஏ-கேப் என்பார்கள். நமக்குக் கட்டணம் 3,000 ரூபாய். இந்தியர் உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000. முகத்தைப் பார்த்து இந்தியர் என்று நினைத்துவிடுவார்கள் என்று 1,000 ரூபாய்ச் சீட்டுக்கு ஆசைப்படாதீர்கள். சோதனைச் சாவடியில் கடப்பிதழைக் கேட்பார்கள். பொக்கராவில் டாம்சைடு பகுதி அலுவலகத்தில் கடப்பிதழ், இரண்டு படம், பணம் கொடுத்தால் ஆகிவிடும். சனிக்கிழமை அரசு விடுமுறை. 4-ஆம் நாள் சனியில் விழாதபடி விமான டிக்கெட்டைப் போடுங்கள். சீட்டில்லாமல் போய்ச் சாவடியில் வாங்கினால் இரட்டிப்பு.

2023 ஏப்ரல் முதல், வெளிநாட்டு மலைநடைப் பயணிகளுக்கு வழிகாட்டி கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. வண்டியில் போய்க் கும்பிட்டுத் திரும்புவது மலைநடை ஆகாது. காக்பேனிக்கு வடக்கே மேல் முஸ்தாங் வேறு உலகம், வேறு அனுமதி, விலையும் டாலரில். ஆசையாக இருக்கிறதே என்று அந்த எல்லைப் பலகையைத் தாண்டி நடக்காதீர்கள்.

பொக்கரா – ஜோம்சோம்

பயணத்தின் கடினமான பகுதி இதுதான். காலை பஸ்ஸில் பேனி வரை 3, 4 மணி நேரம், தார்ச்சாலை, சிரமமில்லை. பேனி 900 மீட்டர் உயரம். அங்கிருந்து காளி கண்டகி ஆற்றோடு ஏறத்தாழ 75 கிலோமீட்டரில் 2,720 மீட்டருக்கு ஏற வேண்டும். தத்தோபானிக்கும் காசாவுக்கும் நடுவில் பள்ளத்தாக்கு கத்தியால் கீறியதுபோல் ஒடுங்குகிறது. ஒரு பக்கம் தவளகிரி, மறுபக்கம் அன்னபூர்ணா, இரண்டும் 8,000 மீட்டருக்கு மேல். சாலைக்கென்று அகலம் எங்கிருந்து வரும்? வெட்டிய மலைச்சரிவு ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் இறங்கும். இறங்கியதை அள்ள இயந்திரம் வரும்வரை எல்லாரும் தேநீர்க் கடையில்.

பொக்கராவிலிருந்து ஜோம்சோமுக்கு நேரடி பஸ் உண்டு, 1,500 முதல் 2,000 ரூபாய் எனக் கையில் வையுங்கள். அதை விட்டால் பேனி வரை ஒரு பஸ், பிறகு பங்கு ஜீப். ஜீப் ஆள் நிறைந்தால்தான் நகரும். மதியத்துக்கு மேல் பேனியில் போய் இறங்கினால் நிறையாது. அப்போதுதான் ஓட்டுநர் 'ரிசர்வ்' என்பார். அந்தச் சொல்லுக்கு அங்கே இடம் பிடித்துவைப்பது என்று பொருள் இல்லை, வண்டி முழுவதையும் நீங்களே அமர்த்திக்கொள்வது என்று பொருள். 'ஷேர்' என்று அழுத்திச் சொல்லி, மொத்த விலையா, ஆள் விலையா என்று ஏறுமுன் கேளுங்கள்.

ஒரே மூச்சில் ஜோம்சோம் போகாமல் கலோபானியிலோ மார்பாவிலோ இறங்கித் தங்கினால் உடம்புக்கு நல்லது. மார்பா ஆப்பிளுக்குப் பெயர்போன ஊர், வெள்ளையடித்த கல் வீடுகள், ஜோம்சோமைவிட அறை அமைதி. ஜோம்சோம் என்பது உண்மையில் ஒரு விமான ஓடுபாதையும் அதன் ஓரத்து விடுதிகளும்தான்.

காலை 11 மணிக்கு மேல் இந்தப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பும். மேலே திபெத் மேட்டின் பக்கம் வெயிலில் சூடாக, கீழே சமவெளியிலிருந்து காற்று இழுக்கப்பட்டு இந்த இடுக்கு வழியாக ஏறுகிறது. ஆற்று மணலையும் அள்ளிக்கொண்டு வரும். ஆகவே ஜோம்சோம்–காக்பேனி நடப்பதோ திறந்த வண்டியில் போவதோ காலை 7-க்கும் 10-க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே காற்றால்தான் பொக்கரா–ஜோம்சோம் விமானமும் காலையில் மட்டும். பறக்கும் நேரம் 20 நிமிடம். வெளிநாட்டவருக்கு டாலரில் தனி விலை. மேகம் இறங்கினால் அன்றைக்கு ரத்து, மறுநாள் இரண்டு நாள் கூட்டம். நேபாள விமான நிறுவனங்கள் 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. இதே தடத்தில் 2022 மே மாதம் ஒரு விமானம் விழுந்து 22 பேர் இறந்தார்கள். பயணக் காப்புறுதி எடுக்கும்போது உள்நாட்டு விமானமும் 4,000 மீட்டர் உயரமும் அடங்குமா என்று இரண்டையும் எழுத்தில் பாருங்கள். சாலையும் ஆபத்தில்லாதது அல்ல. ஆனால் சாலையில் போகிறவருக்கு இன்னொரு லாபம் உண்டு: உடம்பு உயரத்துக்குப் பழக நேரம் கிடைக்கிறது.

உயரம்

கெந்திங் மலை ஏறத்தாழ 1,800 மீட்டர். கினபாலு ஏறுகிறவர்கள் இரவு தங்கும் லாபான் ராத்தா 3,272. முக்திநாத் 3,700-க்கு மேல். லாபான் ராத்தாவில் தலைவலியோடு படுத்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும்.

பொக்கரா 820 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து காலை விமானம் ஏறி ஜோம்சோமில் இறங்கி, அதே கையோடு ஜீப்பில் முக்திநாத் போய், கோயிலடி ஊரான ராணிபௌவாவில் இரவு தங்குகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் தொல்லை வருகிறது. பொதுவான விதி, 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. தூங்கும் இடம்தான் கணக்கு. பகலில் ஏறி இறங்கலாம். அதனால்தான் மேலே போட்ட திட்டத்தில் ராணிபௌவாவில் இரவே இல்லை. ஜோம்சோமிலோ 2,800 மீட்டரில் உள்ள காக்பேனியிலோ தூங்கி, காலையில் ஏறி, மதியம் இறங்குவது. அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இதை மாற்றாதீர்கள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை சேர்ந்து வந்தால் அதற்குமேல் ஏற வேண்டாம். நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் இரவானாலும் வண்டி பிடித்து இறங்குங்கள். அப்போது 'ரிசர்வ்' விலையைப் பேரம் பேசிக்கொண்டு நிற்காதீர்கள்.

அசிட்டசோலமைடு மாத்திரையை முன்தடுப்பாக 125 மில்லிகிராம் வீதம் காலை மாலை தருவது வழக்கம், ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து. சல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆகாது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. இங்கேயே டாக்டரிடம் காட்டி வாங்குங்கள். விரல் நுனி மரத்துப்போகும், சிறுநீர் அடிக்கடி வரும். பஸ் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் நிற்கும் என்பதையும் நினைவில் வைத்து முதல் மாத்திரையைப் போடுங்கள்.

கோயிலில்

ஜோம்சோமிலிருந்து ராணிபௌவா 24 கிலோமீட்டர், ஜீப்பிலோ பஸ்ஸிலோ ஒன்றரை மணி நேரம். இறங்கிய இடத்திலிருந்து கோயில் வாசல் வரை அரை மணி ஏற்றம். தூரம் ஒன்றுமில்லை, மூச்சுதான் இல்லை. இருபது படிக்கு ஒரு தரம் நின்று போனால் போதும். குதிரையும் மோட்டார் சைக்கிளும் வாடகைக்கு உண்டு, விலையை ஏறுமுன் பேசுங்கள்.

108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் என்று நம்மவர்கள் வருவது இங்கேதான். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம், பூஜையில் பிக்குணிகளைப் பார்த்து வியக்க வேண்டாம். கோயிலைச் சுற்றி 108 நீர்த்தாரைகள், முன்னே இரண்டு குளங்கள். பனி உருகிய நீர். 108-இலும் தலை நனைக்க விரும்புகிறவர்கள் வெயில் ஏறியபின், ஒன்பது மணிக்கு மேல் செய்யுங்கள். உலர்ந்த துண்டும் மாற்றுடையும் பைக்குள் பிளாஸ்டிக்கில் சுற்றி, கூட வருகிற ஒருவர் கையில் இருக்க வேண்டும். ஈரத்தோடு படம் எடுத்துக்கொண்டு நிற்கும் பத்து நிமிடத்தில்தான் உடம்பு விறைக்கிறது. இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

சாப்பாடு, அறை, பேச்சு

தால்-பாத்தில் சோறு, பருப்பு, காய்கறி எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள், விலை ஒன்றுதான். இறைச்சிக்கு மட்டும் மறுமுறை இல்லை. சாலையோரத்தில் 250 ரூபாய் என்றால் ஜோம்சோமில் அதைப்போல இரண்டு மடங்கு. சைவம் என்பதற்கு 'சாகாஹாரி' என்றால் புரியும். முட்டை வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். மலை ஊர்களில் அறை வாடகை குறைவாகச் சொல்வார்கள், இராச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அங்கேயே என்ற கணக்கில். வெளியே போய்ச் சாப்பிட்டால் முகம் சுளிப்பது நியாயமே. அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்துச் சராசரி நாளுக்கு 3,000 ரூபாய், அதாவது 100 வெள்ளிக்குள் அடங்கும். இருவராகப் போய் அறையைப் பகிர்ந்தால் இன்னும் குறையும்.

ஓட்டுநரையும் கடைக்காரரையும் 'தாய்' என்று கூப்பிடுங்கள். நமக்குக் காது கூசும், ஆனால் அங்கே அது அண்ணன். அக்காவுக்கு 'தீதி'. 'கதி ஹோ?' என்றால் எவ்வளவு. 'ரோக்னுஸ்' என்றால் நிறுத்துங்கள். வாந்தி வரும் நேரத்துக்கு இந்தச் சொல் போதும். ஆங்கிலமும் இந்தியும் எடுபடாத இடத்தில் மலாய் பேசிப் பாருங்கள். கிள்ளானிலோ ஜொகூரிலோ தொழிற்சாலையில் ஐந்தாறு ஆண்டு உழைத்துத் திரும்பிய ஒருவர் எந்தப் பஸ்ஸிலும் இருப்பார். 'அப்பா கபார்' என்றதும் இடம் நகர்த்தித் தருவார், உள்ளூர் விலையையும் சொல்வார்.

திரும்பும் நாள்

காத்மாண்டு விமான நிலையத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகப் போங்கள். வாசல் சோதனை வரிசையே நீளம். மீந்த நேபாள ரூபாயைத் தமேலிலேயே மாற்றிவிடுங்கள், முதலில் வெள்ளியை மாற்றியபோது வாங்கிய ரசீதைக் காட்டச் சொல்லலாம், அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். கோலாலம்பூர்க் கடைகளில் அந்த நோட்டைச் சுலபத்தில் எடுக்கமாட்டார்கள். சில்லறை மட்டும் மிஞ்சினால் விமான நிலையத் தேநீருக்குப் போதும்.